விசிலண்ணன் பொக்கெட்டில் வைத்த மருந்து

சப்ரகமுவ மாகாணம் முழுக்கத் தேடினாலும் வாயால் லொறி ஓட்டிய மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். இதை மறுக்க நினைப்பவர்கள் றக்வானைக்கு மேலே எங்கள் தோட்டத்து ரோட்டில் ஒரு தடவை லொறியில் போய்விட்டு வந்து மறுக்கலாம். முழுசாக வந்து சேர்ந்தால் பேசுவோம்.

அவருக்கு லைசன்ஸ் கிடையாது. ஸ்டியரிங்கைத் தொட்டதும் கிடையாது. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் கிளீனர் வேலை. செக்ரோல் என்ற சம்பளப் பதிவில் அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. தோட்டத்து ஒபீசில் சின்னக் கிளாக்கராக இருந்து அதை மாதா மாதம் எழுதியவன் நான், எனக்கே மறந்துவிட்டது. தோட்டம் முழுவதற்கும் அவர் விசிலண்ணன்.

எங்கள் ரோட்டின் வளைவுகளை ஒரே வெட்டில் எடுக்க எந்த லொறியாலும் முடியாது. முன்னே போக வேண்டும், பின்னே வர வேண்டும், திரும்ப முன்னே போக வேண்டும். பின்னே வரும்போது பின்சில்லுக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சாண் மண் இருக்கும். மழை பெய்தால் அதுவும் இருக்காது. விசிலண்ணன் குதித்து இறங்கி, பள்ளத்து ஓரத்தில் நின்று, இரண்டு விரலை வாய்க்குள் விட்டு அடிப்பார். நீளமாக ஒன்று அடித்தால் வரலாம். குட்டையாக இரண்டு அடித்தால் நிற்க வேண்டும். டிரைவர் கண்ணாடியைத் திரும்பியும் பார்க்க மாட்டார்.

"கண்ணாடியில பாதிதான் தெரியும் கிளாக்கரய்யா. விசில்ல முழுசும் தெரியும்" என்பார் டிரைவர்.

அந்த விசிலின் வீச்சு அப்படி. கீழ் டிவிசனில் அவர் அடித்தால் மேல்மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் தேத்தண்ணி நேரம் என்று கூடையை இறக்கிவிடுவார்கள். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்து வெளியே லொறிக்கு விசிலடித்தார். மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டடி பின்னால் போய்விட்டார். பெண் வீட்டார் வெகுநேரம் அதற்கு அர்த்தம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு நாள் தொழிலாளர் லயத்தில் ஒரு காம்பராவின் சின்னக் கதவில் பிணப்பெட்டி மாட்டிக்கொண்டது. உள்ளே இருந்தவர் இறந்தவர், வெளியே இருந்தவர்கள் அழுகிறவர்கள், நடுவில் பெட்டி. விசிலண்ணன் முன்னே வந்தார். "எல்லாரும் அழுகைய நிப்பாட்டுங்க. பின்னாடி புடிக்கிறவன் லெப்டுல ஒடி. இன்னும் ஒடி. வரலாம், வரலாம்..." என்று சொல்லி நீளமாக ஒரு விசில். பெட்டி ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தது. இறந்தவரின் மகன் கொள்ளிக்குடத்தோடு அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னதை என் கண்ணால் பார்த்தேன்.

விசிலுக்கு அடுத்தபடியாக அவருக்குப் பெருமை அவருடைய சிங்களத்தில். டவுனுக்குப் போனால் எங்கள் எல்லோருக்காகவும் அவர்தான் பேசுவார். நன்றாகவே பேசுவார், அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வேறு யாராவது சிங்களத்தில் வாயைத் திறந்தால் அந்த இடத்திலேயே திருத்துவார். ஒரு முறை சிங்களக் கடைக்காரர் ஒருவரையே திருத்தினார். அந்த மனிதர் குழம்பிப்போய் வீட்டுக்குள் போய் மனைவியிடம் கேட்டுவிட்டு வந்தார்.

இப்படிப்பட்ட வாய்க்குள் ஒரு நாள் கேடு புகுந்தது. வெற்றிலையும் புகையிலையும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. பல் துலக்குவது தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என்று வைத்திருந்தார். முதலில் விசிலடித்த விரலில் இரத்தம் தெரிந்தது. வெற்றிலைச் சாறு என்று துடைத்துவிட்டார். பிறகு ஈறு வீங்கியது. மேல்வரிசை முன்பல் ஒன்று ஆடத் தொடங்கியது. விசிலின் காற்று முழுவதும் திரும்பிப் போவது அந்தப் பல்லில் முட்டித்தான்.

மழைத் தூறலான ஒரு மத்தியானம் வளைவில் நின்று இரண்டு குட்டை விசில் அடிக்கப் போனார். 'புஸ்' என்று காற்று மட்டும் வந்தது. டிரைவர் வந்துகொண்டே இருந்தார். பின்சில்லு ஒன்று ரோட்டை விட்டு இறங்கி, ஒரு கிழட்டுத் தேயிலைச் செடியில் முட்டி நின்றது. அந்தச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விட்டுவைத்தவன் யாரோ, அவன் நன்றாக இருக்க வேண்டும். டிரைவர் இறங்கி வந்து ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

தோட்டத்து மானேஜரான பெரிய தொரை இருவரையும் ஒபீசுக்குக் கூப்பிட்டார். விசில் சரியாகாவிட்டால் விசிலண்ணன் மலையில் புல் வெட்டப் போக வேண்டும், லொறிக்கு வேறு கிளீனர் வருவார் என்று சொன்னார். உடனே டிரைவர், அப்படியானால் தன்னையும் புல் வெட்ட அனுப்பும்படி கேட்டார். ஆக, ஒரு முன்பல்லில் இரண்டு பேருடைய வேலையும் தோட்டத்தின் கொழுந்தும் தொங்கிக்கொண்டிருந்தன. பல்லும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

முதலில் நானும் அவரும் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனோம். எங்கள் டாக்டரய்யா யாழ்ப்பாணத்துக்காரர். வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உமக்கு முரசு பழுதாய்ப் போச்சு காணும். முரசு கரைஞ்சால் பல்லு ஆடத்தானே செய்யும்."

விசிலண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் ஈறு என்றும் எகுறு என்றும் சொல்வதை யாழ்ப்பாணத்தில் முரசு என்று சொல்வார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

"டாக்டரய்யா, முரசு கோயில்ல இருக்குங்க. தோலு நல்லாத்தான் இருக்கு. அத அடிக்கிறவன் கீழ் லயத்துல இருக்கான். நான் விசில் மட்டுந்தானுங்க."

"நான் உம்மட வாயுக்குள்ள இருக்கிற முரசைச் சொல்லுறன்."

"என் வாயில முரசா?" என்று கேட்டுவிட்டு, விசிலண்ணன் கொஞ்சம் பெருமையாகவே என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

டாக்டரய்யா தலையில் கைவைத்தார். பிறகு இரத்தினபுரியில் வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வந்திருக்கும் பல் டொக்டர் நோனா, அதாவது டொக்டரம்மா, ஒருவருக்குத் துண்டு எழுதிக் கொடுத்துவிட்டு, லீவில் ஊருக்குப் புறப்பட்டார். அந்த யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு லீவில் போனவர் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. விளக்கம் சொல்லக்கூடிய ஒரே மனிதர் அப்படிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை உரம் ஏற்ற லொறி இரத்தினபுரிக்குப் போனது. விசிலண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் பொறுப்பைத் தொரை என்னிடம் கொடுத்தார். மாணிக்கக் கல் கடை ஒன்றின் மேல்மாடியில் அந்த டொக்டர் நோனாவின் இடம். படியில் கால் வைத்ததும் விசிலண்ணன் என்னை மறித்தார்.

"நீங்க எதுக்குங்க ஐயா? நீங்க இங்கிலீசு பேசுவீங்க, அவங்க சிங்களத்துல பதில் சொல்லுவாங்க, ரெண்டு பேருக்கும் நடுவுல என் பல்லு போயிரும். நான் பேசிக்கிறேன். நீங்க போய் தேத்தண்ணி குடிங்க."

நான் போய்த் தேத்தண்ணி குடித்தேன். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

வெகுநேரம் கழித்து விசிலண்ணன் படியிறங்கி வந்தார். ஊசி போட்டதில் அரை முகம் மரத்து, உதடு ஒரு பக்கம் தொங்கியது. இடது கையைச் சட்டையின் நெஞ்சுப் பொக்கெட்டுக்கு முன்னால் குடை மாதிரிப் பிடித்திருந்தார், ஆனால் பொக்கெட்டைத் தொடவில்லை.

"ஹாக்குவ" என்றார்.

"என்னண்ணே?"

"ஹாக்குவ. நூலு. பெஹெத் நூலு. தொழக் கூழாழு."

பெஹெத் என்றால் சிங்களத்தில் மருந்து என்பது எனக்குத் தெரியும். நூலுக்கு இரண்டு பாஷையிலும் நூல்தான். ஹாக்குவதான் பிடிபடவில்லை. டிரைவருக்குப் பிடிபட்டது. "சாக்குங்கிறாரு ஐயா! மருந்து நூல சாக்குல வச்சிருக்காராம்!" என்று அவர் லொறியில் ஏறி, விசிலண்ணன் உட்கார்ந்து வந்த கொழுந்துச் சாக்குகளை ஒவ்வொன்றாக உதறத் தொடங்கினார். விசிலண்ணன் கீழே நின்று குதித்தார். அவர் குதிக்கக் குதிக்க, இன்னும் உதறச் சொல்கிறார் என்று டிரைவர் இன்னும் வேகமாக உதறினார்.

திரும்பும் வழியில் பெல்மதுளை தாண்டித்தான் வாய்க்கு உணர்வு வந்தது. வந்ததும் முதல் வேலையாக டிரைவரைத் திருத்தினார்.

"சாக்கு இல்ல மனுசா, சாக்குவ. சிங்களத்துல சாக்குவன்னா பொக்கெட்டு. வாயெல்லாம் சுத்தம் பண்ணிட்டு நர்ஸ் நோனா தெளிவாச் சொல்லுச்சு. சாக்குவ உள்ளுக்க மருந்து நூல் போட்டிருக்கு, அல்லன்ன எப்பா, தொடக் கூடாது. ஹெமின் ஹெமின் மருந்து வரும். மெதுமெதுவா. நூல அவங்களே எடுப்பாங்க, அடுத்த வாரம் விட்டு அதுக்கடுத்த வெள்ளிக்கிழமை. அதுக்குள்ள பல்லு கெட்டியாகலேன்னா புடுங்கிருவாங்க. வெத்தல கூடாது. வாயில விரல் வைக்கக் கூடாது."

"எந்தப் பொக்கெட்டுண்ணே?" என்றேன்.

"சட்டையில ஒரு பொக்கெட்டுதானே இருக்கு? எட்டிப் பாருங்க, தொடாம பாருங்க."

எட்டிப் பார்த்தேன். காக்கிச் சட்டைப் பொக்கெட்டுக்குள் வெள்ளையாக ஒரு நூல் துண்டு கிடந்தது.

வாசகர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்; நாங்கள் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம். ஈறு கெட்டுப்போனால் அது பல்லை விட்டு விலகி, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்துக்குப் பல் டொக்டர்கள் வைத்திருக்கும் பெயர் பொக்கெட். மருந்து தோய்ந்த மெல்லிய நூலை அதற்குள் சுருட்டி வைத்துவிட்டால், மருந்து நாள் கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக அந்த இடத்திலேயே கசியும். புது வைத்தியம். நர்ஸ் அதைத்தான் அழகான சிங்களத்தில் சொன்னார். விசிலண்ணன் அதை ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தார். வாய் மரத்திருந்ததால் நூல் அங்கே போனது அவருக்குத் தெரியவில்லை. சட்டையில் கிடந்தது அவர் நெஞ்சில் நர்ஸ் கட்டிய துணியிலிருந்து பிரிந்து விழுந்த இழை.

இதெல்லாம் எங்களுக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்கு நான் படித்தவனுக்கு லட்சணமாக நடந்துகொண்டேன். மேல்நாட்டில் தோலில் பிளாஸ்டர் மாதிரி ஒட்டினால் மருந்து மெல்ல மெல்ல உடம்புக்குள் போகும் என்று ஒரு சஞ்சிகையில் வாசித்திருந்தேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் நின்று எல்லோருக்கும் அதை விளக்கினேன். "பிளாஸ்டர் தோளில் ஒட்டினால் நெஞ்சு வரைக்கும் போகிறது. நெஞ்சிலிருந்து பல்லுக்கு ஒரு முழம்கூட இல்லையே" என்றேன். எல்லோரும் ஒரு முழம் போட்டுப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

அன்றிலிருந்து விசிலண்ணன் சட்டையைக் கழற்றவில்லை. கழுத்துக்கு மேலே ஒரு குளிப்பு, இடுப்புக்குக் கீழே ஒரு குளிப்பு. நடுப்பகுதியை மருந்துக்கு விட்டுவிட்டார். குப்புறப் படுப்பதில்லை. யாரையும் கட்டிப்பிடிப்பதில்லை. "அவுங்க சட்டை அடுத்த காம்பராவுல இருக்கப்பவே இங்க மணக்குதுங்க ஐயா" என்று அவருடைய மனைவி ஒபீசுக்கு வந்து அழுதார். "பல்லு கெட்டியாகிறப்ப குடும்பம் ஆடிரும் போல இருக்குங்க."

வெற்றிலையை விட்டது இன்னும் பெரிய கூத்து. வெற்றிலை போடுகிறவர்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு லொறியோடு பேசுவார். ஆனால் சொன்ன சொல் தவறவில்லை. விரலையும் வாயில் வைக்கவில்லை.

விசில் இல்லாமல் லொறி என்ன ஆனது என்று கேட்பீர்கள். தகரத்தைத் தட்டிப் பார்த்தார். கை தட்டிப் பார்த்தார். தோட்டத்து விளையாட்டுக் கழகம் ரெப்ரியின் விசிலைக் கொண்டுவந்து கொடுத்தது; அதை உதட்டோரமாக வைத்து ஊதினார். டிரைவர் அசையவில்லை. "அது வேற யாரோ பேசுற மாதிரி இருக்கு. எனக்கு வெளங்கல" என்று பிரேக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு வளைவிலும் அவர் இறங்கிப் பார்த்து, ஏறி, ஒரு முழம் வந்து, திரும்ப இறங்கிப் பார்த்தார். கொழுந்து பெக்டரிக்கு வந்து சேரும்போது பாதி வாடிச் சிவந்திருந்தது. நோனா சொன்ன வெள்ளிக்கிழமையோடு கதை முடிகிறது என்று தொரை சொல்லியனுப்பினார்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு அதிசயம் நடந்தது. விசிலண்ணனின் ஈறு வற்றத் தொடங்கியது. இரத்தம் நின்றது. ஆடிய பல் ஆட்டத்தைக் குறைத்தது. தோட்டத்துக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பல்வலிக்காரர்கள் எல்லாம் அவரைத் தேடி வந்தார்கள். அவர் மார்பை நிமிர்த்தி நிற்பார். வந்தவர் பொக்கெட்டைத் தொடாமல், ஒரு நூலிடை விட்டு, கன்னத்தைக் கிட்டே கொண்டுபோய் நிற்க வேண்டும். "நெருங்காதீங்க. இன்னும் கொஞ்சம் வரலாம். ஸ்டாப்" என்று அதற்கும் அவரே சைகை கொடுத்தார்.

பெரிய கணக்கப்பிள்ளை அப்படி நின்றதைப் பார்த்தேன். தோட்டமே நடுங்கும் மனிதர், கண்ணை மூடிக்கொண்டு, கொழுந்து லொறிக் கிளீனரின் நெஞ்சுக்குக் கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றார். மறுநாள் வலி போய்விட்டது என்றார். எனக்கும் ஒரு கடைவாய்ப் பல் தொந்தரவு இருந்தது. நானும் நின்றேன். வியர்வையும் லொறி எண்ணெயும்தான் மணந்தன. ஆனால் வலி குறைந்த மாதிரியும் இருந்தது. குறைந்ததா, அந்த மணத்தில் மறந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

குறித்த வெள்ளிக்கிழமை மறுபடியும் இரத்தினபுரிக்குப் புறப்பட்டோம். பல் கெட்டியா இல்லையா என்று அன்று தெரிந்துவிடும். விசிலண்ணன் வழி முழுக்க நெஞ்சுக்கு முன்னால் கையைக் குடை பிடித்துக்கொண்டே வந்தார். டிரைவர், "புல் வெட்டுற கத்தி எங்க நல்லதா வாங்கலாம் ஐயா?" என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டார்.

டவுனுக்கு முன்னால் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். அந்த நாள்களில் எங்கள் தமிழ் ஆட்களுக்கு இந்த இடத்தில் வாய் தவறினால், உள்ளே போனவர் எப்போது வெளியே வருவார் என்று யாருக்கும் தெரியாது. அடையாள அட்டையைக் கையில் பிடித்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, வாயை மூடிக்கொண்டு வந்துவிட வேண்டும். இது பிள்ளைகளுக்கும் தெரியும்.

விசிலண்ணன் முறை வந்தது. நரைத்த மீசையோடு ஒரு சார்ஜன், பொக்கெட்டைப் பார்த்து, "சாக்குவே மொனவாத?" என்றார். பொக்கெட்டில் என்ன என்று கேட்கிறார்.

விசிலண்ணன் இரண்டு கையையும் பொக்கெட்டுக்கு முன்னால் கொண்டுபோய், ஒரு அடி பின்னால் போனார்.

"அல்லன்ன எப்பா!" என்று கத்தினார். தொடாதே!

நான் என் அடையாள அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.

"மொனவாத?" என்றார் சார்ஜன் மறுபடியும், குரலைத் தாழ்த்தி.

"பெஹெத்" என்றார் விசிலண்ணன். "பெஹெத் நூலக்."

தமிழில் மருந்து என்றால் வெடிமருந்தும் மருந்துதான் என்பது நமக்குத் தெரியும். சிங்களத்திலும் அதே கதைதான். துப்பாக்கிக்குப் போடுவதும் பெஹெத், நோயாளிக்குக் கொடுப்பதும் பெஹெத். பொக்கெட்டில் மருந்து, மருந்தோடு நூல், தொடாதே என்று கத்தல். சாவடியில் நின்ற கான்ஸ்டபிள்கள் எல்லோரும் மண் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டார்கள். வரிசையில் நின்ற எங்களையும் காணவில்லை.

டிரைவர் உதவிக்கு வந்தார். "சேர், சாக்கு! சாக்கு!" என்று லொறியைக் காட்டினார். அவருக்கு இன்னமும் சாக்குதான். இரண்டு கான்ஸ்டபிள்கள் லொறியிலிருந்தும் விலகி ஓடினார்கள்.

நடு ரோட்டில் விசிலண்ணன் தனியே நின்றார். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினால் நூல் விழுந்துவிடும், நோனா ஏசுவார் என்றார். நூல் என்ன செய்யும் என்று கேட்டார்கள். "ஹெமின் ஹெமின் எனவா" என்றார். மெதுமெதுவாக வரும் என்று அவர் சொன்னதைக் கேட்டு, எட்டிப் பார்த்த ஒரு தலையும் உள்ளே போய்விட்டது. துப்பாக்கி ஒன்று அவரைப் பார்த்து உயர்ந்தது. அப்போதுதான் அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். தான் பேசிய நல்ல சிங்களத்தில் எந்தச் சொல் பிழைத்தது என்று தெரியாமல், என்னைத் தேடிப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"பல் டொக்டர் நோனா, சேர்! மாணிக்கக் கல் கடைக்கு மேலே! அவரைக் கேளுங்கள்!" என்று எனக்குத் தெரிந்த மூன்று பாஷையையும் கலந்து கத்தினேன்.

சார்ஜன் நிதானமான மனிதர். விசிலண்ணனின் வாயைத் திறக்கச் சொல்லித் தூரத்தில் நின்றே பார்த்தார். நெற்றியைத் தடவினார். பிறகு சாவடிக் கேட்டைத் திறக்கச் சொன்னார். விசிலண்ணன் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் தனியே நடக்க வேண்டும், நாங்கள் பின்னால், எங்களுக்கும் பின்னால் பொலிஸ், கடைசியில் லொறி. இரத்தினபுரி பஸாரில் அப்படி ஊர்வலம் போனோம். கடைக்காரர்கள் வெளியே வந்து, இது எந்தக் கோயில் நேர்த்தி என்று கேட்டார்கள்.

மேல்மாடியில் டொக்டர் நோனா கதவைத் திறந்து, முன்னால் கை தூக்கிய நோயாளியையும் பின்னால் துப்பாக்கிகளையும் பார்த்து, கதவை மூடப் போனார். சார்ஜன் நடந்ததைச் சொன்னார். நோனா பாதி கேட்டதுமே விசிலண்ணனைக் கதிரையில் உட்காரவைத்து, மேலுதட்டைத் தூக்கி, ஊசி முனையால் ஈறைத் தொட்டார்.

"மேக்க தமய் சாக்குவ!" என்றார். இதுதானய்யா பொக்கெட்!

பிறகு குறடு மாதிரி ஒன்றை எடுத்து, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலிருந்து மஞ்சளாக ஒரு நூலை மெல்ல இழுத்தார். அது வந்தது, இன்னும் வந்தது, சுருள் சுருளாக வந்தது. சார்ஜன் தொப்பியைக் கழற்றினார். விசிலண்ணன் கண்ணை உருட்டி, தன் வாயிலிருந்து வரும் நூலையும் தன் சட்டைப் பொக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

நோனா பல்லைப் பிடித்து ஆட்டினார். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்தோம், பொலிஸும்தான். பல் அசைய மறுத்தது. பிடுங்கத் தேவையில்லை, ஆனால் தினமும் துலக்க வேண்டும், வெற்றிலையை மறந்துவிட வேண்டும் என்றார். டிரைவருக்குச் சொல்ல நான் படியில் இறங்கவில்லை. அந்தப் பல்லையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விசிலண்ணனுக்குச் சந்தோஷத்தை விடக் குழப்பம்தான் பெரிதாக இருந்தது.

"அப்ப ஐயா, பெரிய கணக்கப்புள்ளைக்கு எப்படி சொகமாச்சு?"

நான் அதை நோனாவிடம் இங்கிலீஷில் கேட்டேன். அவர் சார்ஜனைப் பார்த்தார். சார்ஜன் என்னைப் பார்த்தார். பிறகு சார்ஜன், தனக்கும் ஒரு பல் குத்துகிறது என்று நோனாவிடம் சொன்னார். சொல்லும்போது அவர் பார்வை அந்தச் சட்டையில் இருந்தது.

"வாயில விரல் வைக்கலாமாங்க இனி?" என்று விசிலண்ணன் கேட்டார். கையைக் கழுவிவிட்டு வைக்கலாம் என்றார் நோனா. எதற்கு என்று அவர் கேட்பதற்குள் விசிலண்ணன் கையைக் கழுவி, ஜன்னலோரம் போய், நீளமாக ஒன்று அடித்தார்.

மருந்துப் போத்தல்கள் அதிர்ந்தன. நர்ஸ் காதைப் பொத்தினார். கீழே ஒழுங்கையில் நிறுத்தியிருந்த எங்கள் லொறி உறுமியது. டிரைவர் என்ன ஏது என்று தலையை வெளியே நீட்டவில்லை, கண்ணாடியைப் பார்க்கவில்லை. ரிவர்ஸ் போட்டு அந்தச் சன நெரிசலில் பின்னால் வரத் தொடங்கிவிட்டார். றம்புட்டான் விற்றவர் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். விசிலண்ணன் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, குட்டையாக இரண்டு அடித்தார். லொறி நின்றது. நின்ற பிறகும் டிரைவர் ஹோர்னில் இருந்து கையை எடுக்கவில்லை, அடித்துக்கொண்டே இருந்தார்.

இந்த விவகாரத்தில் எனக்கு இன்றுவரை பாதி விளங்கவில்லை. என் கடைவாய்ப் பல் வலி எங்கே போனது என்று விளங்கவில்லை. ஆனால் அந்த இரண்டு குட்டை விசிலையும் கேட்டதும் பொலிஸ்காரர்கள் முன்னால் நான் ஏன் விம்மி விம்மி அழுதேன் என்பது மட்டும் நன்றாக விளங்கியது. அந்தத் துப்பாக்கிக்கு முன்னால் அவர் நின்ற நேரம் முழுக்க, இந்த மனுஷன் இல்லாத தோட்டத்துக்கு நான் எப்படித் திரும்பிப் போவேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.